வேட்டை நாய்க்கு வேண்டிய குணம்

நாய் என்னும் சொல்லை வசைச் சொல்லாக வழங்குவது நம் நாட்டு வழக்கம். ஆயினும் தெய்வங்களுக்கு அருகே அதற்கு இடம் கொடுத்தவர்களும் நாமே. சீர்காழியில் கோயில் கொண்டுள்ள சட்டைநாதர் பைரவ மூர்த்தம். பைரவருக்கு ஊர்தி நாய். ஊர் எல்லையில் காவல் நிற்கும் ஐயனாருக்குச் சுடுமண் குதிரையோடு சுடுமண் நாயையும் செய்து வைப்பதுண்டு. இரவில் ஐயனார் வேட்டைக்குப் புறப்படும்போது நாய்களும் உடன் செல்லும் என்பது கிராமத்து நம்பிக்கை. காவலும் வேட்டையும் ஒரே பிராணியிடம் சேர்ந்திருப்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

சங்கங்களுக்குத் தணிக்கை செய்யச் செல்லும் இடங்களில், கணக்கு வேலை முடிந்தபின் அங்கத்தினர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. போர்செட்டுக்கும் களத்துமேட்டுக்கும் காவலாகத் தெற்கத்தி வேட்டை நாய்க்குட்டி ஒன்று வாங்கலாமா என்பதே அது. அடுத்து அவர்கள் கேட்பது, 'எது அதிகமாகக் கடிக்கும்?' என்பதாகும். முதற்கேள்வி நியாயமானது. இரண்டாவது கேள்வியில்தான் பிழை இருக்கிறது. கடிப்பதே வேட்டை நாயின் சிறப்பு என்ற எண்ணம் பரவினால், வாங்குவோர்க்கும் நஷ்டம், அயலார்க்கும் ஆபத்து, பல தலைமுறையாகக் காத்து வந்த நல்ல நாயினங்களுக்கும் கேடு. ஆகவே வேட்டை நாய்க்கு உண்மையில் வேண்டிய குணம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டு வேட்டை நாய்கள்

தமிழ்நாட்டில் பெயர் பெற்ற வேட்டை நாயினங்கள் நான்கு: இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. இவற்றுள் கன்னி நீங்கலாக ஏனையவை ஊர்ப் பெயரால் வழங்குவன. இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டப் பகுதியைச் சார்ந்த பெயர்கள். கோம்பை தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். மணமகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டதால் 'கன்னி' என்று பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு ஓடித் துரத்தும் வகை. ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், மெல்லிய தோல் ஆகியவை இவற்றின் அடையாளம். ஆண் சிப்பிப்பாறை ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். முயல் வேட்டைக்கு உகந்தவை இவை. இராஜபாளையம் இவற்றைவிடக் கனத்தது. ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. இராஜபாளையமும் கோம்பையும் பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றவை.

2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல் தலைகளுள் ஒன்றில் இராஜபாளையம் இடம் பெற்றது. ஏனைய மூன்று இமயமலை ஆட்டு நாய், இராம்பூர் வேட்டை நாய், கர்நாடகத்து முதோல் வேட்டை நாய் ஆகியன. பின்னர், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் நாயினங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது முதலில் இடம் பெற்றவை இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றுமே. பசுவுக்கும் எருமைக்கும் உள்ள மதிப்பு இவ்வாறு நாய்க்கும் கிட்டியது. ஆனால் உயரத்தையும் நிறத்தையும் ஏட்டில் எழுதிவிடலாம். குணத்தை அவ்வளவு எளிதில் எழுதிவிட முடியாது.

வேட்கையும் அடக்கமும்

வேட்டை நாயின் முதற் குணம் வேட்கை. ஓடும் பொருளைக் கண்டதும் துரத்த வேண்டும் என்ற உந்துதல் பிறவியிலேயே இருத்தல் வேண்டும். இஃது இல்லாத நாய்க்கு எத்தனை பயிற்சி தந்தாலும் பயன் இல்லை. வேட்கை கோபத்தினின்றும் வேறானது என்பதை முதலில் உணர வேண்டும். முயலைத் துரத்தும் நாய்க்கு முயலின்மேல் பகை இல்லை. அதன் முகத்தில் சீற்றம் தோன்றாது, உறுமலும் எழாது. மனிதனைக் கண்டு சீறும் நாயை உந்துவது பெரும்பாலும் அச்சம். ஆகவே மனிதரைக் கடிக்கும் நாய் நல்ல வேட்டை நாயாக இருக்கும் என்று எண்ணுவது பொருந்தாது.

இரண்டாவது குணம் அடக்கம். எஜமானன் வாரைத் தளர்த்தும்வரை காத்திருக்கும் பொறுமையும், அழைத்தால் திரும்பும் பணிவும் இதில் அடங்கும். கண்ணால் துரத்தும் நாய்க்கு இஃது எளிதன்று. ஓட்டத்தின் நடுவே அதன் உலகம் முழுவதும் முன்னே ஓடும் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும்; காது கேளாததுபோல் ஆகிவிடும். ஆகவே ஓட்டத்திற்கு முன்னே நிற்கக் கற்பித்தலே முக்கியம்.

நெசவாளர் அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். பாவு அளவுக்கு மீறி இழுபட்டால் இழை அறும். தளர்ந்து தொங்கினால் துணி சீராக அமையாது. வேட்கையும் அடக்கமும் அத்தகையனவே. வேட்கை மட்டும் உள்ள நாய் ஆட்டுக்கிடையில் புகும். அடக்கம் மட்டும் உள்ள நாய் திண்ணையில் உறங்கும்.

பொய் குரைக்காமை

வேட்டை நாயின் குணத்தைப் பற்றி எழுதுவது மிகப் பழைய வழக்கம். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் செனோபோன் இதற்கெனவே ஒரு நூல் செய்தார். மோப்பத்தால் முயலின் தடத்தைத் தொடரும் நாய்களின் குற்றங்களை அதில் வரிசையாக எடுத்துரைக்கிறார். தடமே இல்லாத இடத்தில் தடம் கண்டதுபோல் ஆரவாரம் செய்து மற்ற நாய்களை ஏமாற்றுபவை சில. பொறாமையால் முந்திக்கொண்டு ஓடிக் குழப்புபவை சில. பாதியில் மனம் தளர்ந்து திரும்பிவிடுபவை சில. இவற்றைப் படிக்குங்கால், நாய்களைத்தான் சொல்கிறாரா, நம் பொதுக்குழுக் கூட்டங்களில் காணும் சிலரையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று ஐயம் எழும்!

தடத்தில் பொய் கூறாமை மோப்ப நாய்க்கு உயிர்நாடியான குணம். ஒரு நாய் காரணமின்றிக் குரைத்தால் இரண்டு முறை மற்றவை ஓடிவரும். மூன்றாம் முறை உண்மையே ஆயினும் எதுவும் வாராது. காவல் நாய்க்கும் இதே விதி பொருந்தும். காற்றில் ஆடும் வாழை இலைக்கெல்லாம் குரைக்கும் நாயின் குரலுக்கு, திருடன் வந்த இரவில் வீட்டுக்காரர் எழுந்திருக்க மாட்டார். அரிதாகக் குரைத்து, குரைத்த வேளையில் காரணம் உடையதாய் இருக்கும் நாயே உயர்ந்தது.

செனோபோனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அர்ரியன் என்பவர், கண்ணால் துரத்தும் விரைந்த நாய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். தாம் வளர்த்த ஒரு நாயைப் பற்றி அவர் மிகுந்த அன்போடு குறிப்பிடுகிறார். வேட்டையில் வேகமும் துணிவும் காட்டிய அந்நாய், வீட்டில் அவரைவிட்டுப் பிரியாத சாந்தமான பிராணியாக இருந்ததாம். நாய்கள் மனிதர் அருகே உறங்குவது அவற்றுக்கு நன்மை என்றும் அவர் எழுதுகிறார். முயலைக் கொல்வது நோக்கம் அன்று, ஓட்டத்தின் அழகைக் காண்பதே நோக்கம், முயல் தப்பினால் மகிழ வேண்டும் என்பதும் அவர் கருத்து. வேட்டையை மிகவும் விரும்பிய ஒருவரே இவ்வாறு கூறியிருப்பது கருதத்தக்கது.

துணிவும் முரட்டுத்தனமும்

பன்றி வேட்டையில் நாய்க்குத் துணிவு வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் துணிவு வேறு, முரட்டுத்தனம் வேறு. ஆண் பன்றியின் கொம்பு போன்ற பல், நாயின் வயிற்றை ஒரே வீச்சில் கிழித்துவிடும். முரட்டு நாய் நேர் எதிரே பாய்ந்து முதல் வேட்டையிலேயே மாளும். அறிவுள்ள நாய் பக்கவாட்டில் நெருங்கும். பன்றி திரும்பினால் விலகும். விலகினாலும் விட்டு ஓடாது. வேடர் வந்து சேரும்வரை பன்றியை நகரவிடாமல் நிறுத்தி வைக்கும். முன்வைத்த காலை எப்பொழுது பின்வாங்குவது என்று அறிதலும் துணிவின் பகுதியே.

இது தனி நாயால் ஆகும் காரியம் அன்று. ஒன்று முன்னே நின்று கவனத்தை ஈர்க்க, மற்றவை பக்கங்களில் நெருங்க வேண்டும். ஆகவே கூட்டத்தோடு இணங்கும் குணம் இன்றியமையாதது. தன் இனத்தோடு ஓயாமல் சண்டையிடும் நாய் எவ்வளவு வலிமை உடையதாயினும் வேட்டைக்கு உதவாது. தனியே பத்துப் பங்கு வலிமை காட்டுபவனைவிட, பத்துப் பேரோடு சேர்ந்து தன் ஒரு பங்கைத் தவறாது செய்பவனே நமக்கு வேண்டியவன் என்பதைக் கூட்டுறவாளர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விசுவாசம் பற்றியும் ஒரு சொல். நாலடியார் நட்பைப் பேசுமிடத்தில் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. யானை, நெடுநாள் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, தன்மேல் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் உடையவனைக் கண்டு வாலைக் குழைக்கும். பெருமை மிக்க யானையை விடுத்து, எளிய நாயையே நண்பனுக்கு உவமையாக்கினார் அப்புலவர். வேட்டை நாயிடம் அவர் கண்டு போற்றியது பல்லின் கூர்மையை அன்று என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

வீட்டிலும் வயலிலும் சாந்தம்

காவிரிப் பாசனப் பகுதிக்கு வரும் வேட்டை நாய்க்குத் தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் இல்லாத சோதனைகள் சில உண்டு. அறுவடை முடிந்ததும் தெற்கேயிருந்து கீதாரிகள் செம்மறி ஆட்டு மந்தைகளை ஓட்டி வந்து வயல்களில் கிடை போடுகின்றனர். தாளடி நிலங்களில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்து மந்தைகள் இறங்குகின்றன. வரப்பில் கோழி மேய்கிறது. வீட்டு வாசலில் கன்று துள்ளுகிறது. ஓடுவதைக் கண்டால் துரத்தும் பிராணியை இவற்றின் நடுவே வைத்திருப்பது எளிய பொறுப்பன்று.

ஒரு நாய் ஒரே இரவில் சில ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டால், அந்த ஆடுகள் சங்கக் கடனில் வாங்கப்பட்டவையாகவும் இருக்கலாம். தவணை கட்ட வேண்டியவர் ஒருவர். நாய்க்கு உடையவர் இன்னொருவர். இருவரும் ஒரே சங்கத்து அங்கத்தினர். இத்தகைய வழக்குகள் ஆட்டின் விலையோடு முடிவதில்லை. இரு குடும்பங்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். ஆகவே குட்டிப் பருவத்திலேயே ஆடு, மாடு, கோழி, வாத்து ஆகியவற்றின் அருகே நாயைப் பழக்கி, அவை துரத்தத்தக்கவை அல்ல என்று கற்பித்தல் கட்டாயம்.

நல்ல வேட்டை நாய் வேலையில்லாத வேளையில் அமைதியாக இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும்போது அம்பு, ஓய்ந்தபோது பூனை. குழந்தைகளிடம் சாந்தமும், அயலாரிடம் எச்சரிக்கையும், எஜமானனிடம் பற்றும் உள்ளதே நிறைவான குணம். இராஜபாளையம் ஒருவரையே உடையவராக ஏற்று, பிறரிடம் ஒதுங்கும் இயல்புடையது என்பர். அதனை இளமையிலேயே பலரோடும் பழக்காவிட்டால் பின்னர்த் திருத்துதல் கடினம்.

குணம் எங்கிருந்து வருகிறது?

குணம் பிறப்பாலா, வளர்ப்பாலா என்று கேட்பின், இரண்டாலும் என்பதே விடை.

1959-இல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ், சைபீரியாவில் வெள்ளி நரிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மனிதரிடம் அஞ்சாமலும் சீறாமலும் இருக்கும் நரிகளை மட்டும் தேர்ந்து இனவிருத்தி செய்தார். சில தலைமுறைகளிலேயே, நாய்போல் வாலாட்டி மனிதரை நாடும் நரிகள் பிறந்தன. குணத்தையும் விதைபோல் தேர்ந்து பெருக்கலாம் என்பதை இவ்வாராய்ச்சி ஐயமற மெய்ப்பித்தது. சீறும் நாயையே தேர்ந்து பெருக்கினால் சீற்றமும் பெருகும் என்பது அதன் மறுபக்கம்.

வளர்ப்பைப் பொறுத்தவரையில், பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே மிக முக்கியமானது. அமெரிக்க அறிஞர்கள் ஸ்காட், புல்லர் இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல் இதனை விளக்குகிறது. அக்காலத்தில் மனிதர் கையையும் குரலையும் அறியாது வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் மனிதரை அஞ்சும். அஞ்சும் நாயே கடிக்கும். சங்கிலியில் தனியே கட்டி, யாரையும் நெருங்கவிடாமல் வளர்த்தால் நாய்க்கு வீரம் வரும் என்பது தவறான நம்பிக்கை. அவ்வாறு வளர்ப்பதால் பயந்த நாயே உருவாகும்.

வேட்டை நின்றபின்

இனி, இப்பொருளில் மிகவும் முக்கியமான செய்திக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை அன்று. நாயை ஏவித் துரத்துவதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. முயல், மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின்மேல் நாயை ஏவுவது குற்றமாகும். நம் கடற்கரைக் கோடியில், வெளிமான்கள் வாழும் கோடியக்கரை 1967 முதல் சரணாலயமாக உள்ளது. அத்தகைய இடங்களின் அருகே நாயை அவிழ்த்துவிடுவது கேட்டையே விளைக்கும். பன்றியால் பயிர் அழிகிறது என்ற முறையீடு காவிரிப் படுகையிலும் எழுகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறையிலும், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டது. குரைத்து எச்சரிப்பதோடு நம் நாயின் பணி முடிந்தது.

சட்டம் நியாயமானது, வேட்டை மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்ப வேண்டுவதில்லை. ஆனால் அதனால் எழுந்த ஒரு நிலைமையை நாம் கவனிக்க வேண்டும். முற்காலத்தில் நாயின் குணத்தைச் சோதித்தது வேட்டைக்களம். வேட்கை இல்லாதது, பொய் குரைத்தது, கூட்டத்தோடு சண்டையிட்டது, எஜமானனைக் கடித்தது ஆகியவற்றைப் பெருக்கும் எண்ணம் எவருக்கும் வரவில்லை. இன்று அச்சோதனை இல்லை. நிறம், உயரம், விலை, சீற்றம் இவற்றைப் பார்த்தே குட்டிகள் விலைபோகின்றன.

இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். இராஜபாளையத்தில் தூய வெள்ளையை மட்டுமே நாடிப் பெருக்கியதால் பிறவிச் செவிட்டுத்தன்மை அவ்வினத்தில் காணப்படுகிறது. வெண்மைக்குக் காரணமான கூறே உட்செவியையும் பாதிப்பது உண்டு. காது கேளாத நாய்க்கு அழைப்பும் தெரியாது, அதட்டலும் தெரியாது. பின்னே வந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். பார்ப்பவர் அதனைக் கொடிய குணம் என்பர். நிறத்தை மட்டும் பார்த்த மனிதன் செய்த தவற்றுக்கு நாய் பழி சுமக்கிறது.

விதை நெல்லின் வரலாறு தெரிந்த உழவர்களுக்கு இது புதிதன்று. நெல் ஜெயராமன் 2018-இல் மறையும் முன் 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டார். அவர் அவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஆண்டுதோறும் உழவர் கையில் கொடுத்து வயலில் விதைக்கச் செய்தார்; விதைத்ததனாலேயே அவை உயிர் பெற்றன. நெசவும் அவ்வாறே, தறியில் ஏறாத அச்சு வேலைப்பாடு ஒரு தலைமுறையில் மறந்துபோகும். வேட்டை நாயின் குணமும் பயன்பட்டால்தான் நிலைக்கும்.

பயன்படுத்த வழியில்லையா? உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபின், செயற்கை மணத்தை நிலத்தில் இழுத்து நாய்களை ஓட்டும் முறை பரவியது. கயிற்றில் கட்டி இழுக்கும் துணிக் கந்தையைக் கண்ணால் துரத்தச் செய்யும் ஓட்டமும் பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் 2016-இல் முதோல் வேட்டை நாய்களை இராணுவம் மீரட்டில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. வேலை மாறினாலும் வேட்கை, அடக்கம், பொய்யாமை, இணக்கம் என்ற பழைய குணங்களே அங்கும் வேண்டப்படுவன.

அங்கத்தினர் கவனத்திற்கு

வேட்டை நாய்க்குட்டி வாங்க விரும்பும் அன்பர்கள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, குட்டியை மட்டும் பார்க்காமல் தாயையும், கூடுமாயின் தந்தையையும் பாருங்கள். அயலாரைக் கண்டு தாய் நடுங்கினாலும், காரணமின்றிப் பாய்ந்தாலும் அக்குட்டி வேண்டாம்.

இரண்டு, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி விதிகள் தடை செய்கின்றன. இனவிருத்தி செய்வோர் பதிவு பெற்றிருத்தலும் அவ்விதிகளின்படி அவசியம். பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்று, குட்டியின் பின்னே நின்று கை தட்டுங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இது செவியைச் சோதிக்கும் எளிய வழி. உடன்பிறந்த குட்டிகள் எழுப்பும் அசைவால் ஏமாறாதிருக்க, அக்குட்டியைத் தனியே எடுத்துச் சென்று சோதிக்க வேண்டும்.

நான்கு, ஒரு துணித்துண்டைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுங்கள். துரத்தும் குட்டிக்கு வேட்கை உண்டு. துரத்தியபின் உங்கள் கைக்கு மீண்டும் வரும் குட்டிக்கு மனிதப் பற்றும் உண்டு. இரண்டும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி ஆண்டுதோறும் தொடருங்கள்.

ஆறு, நாள்தோறும் ஓட இடமும் நேரமும் இல்லாதவர்கள் இந்நாய்களை வாங்காதிருப்பதே நலம். ஓடப் பிறந்ததைக் கட்டிப்போட்டால் அதன் வேட்கை எரிச்சலாக மாறும். களத்துமேட்டுக் காவலுக்கு நம் ஊர் நாட்டு நாயே பலருக்குப் போதுமானது. அதற்கு விலையும் இல்லை, நம் வெயிலும் சேறும் புதியனவும் அல்ல.

ஒரே ஊரில் சில அங்கத்தினர் சேர்ந்து வாங்குவதாயின், எந்தத் தாய், எந்தத் தந்தை, எத்தனை குட்டி, அவற்றின் செவியும் குணமும் எவ்வாறு என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். பால் சங்கத்தில் காளையின் பரம்பரையைக் குறித்து வைப்பது எத்தகைய பயன் தருகிறதோ, அத்தகைய பயனை இதுவும் தரும். குணம் கெட்ட நாயைப் பெருக்குவதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாடும் செய்துகொள்ளலாம்.

வேட்டைக்களம் செய்துவந்த தேர்வை இனி மனிதன்தான் செய்தாக வேண்டும். சந்தையிடம் அதை விட்டுவிட்டால், வெள்ளை நிறமும் உயர்ந்த விலையும் மட்டுமே எஞ்சும். அவ்வினங்களைச் சிறப்பித்த குணம் மறையும். ஆகவே அடுத்த முறை நாய்க்குட்டியை விலை பேசும்போது, 'இது கடிக்குமா?' என்று கேட்க வேண்டாம். 'இதன் தாய் அழைத்தால் வருமா? ஆட்டுக் கிடையருகே அமைதியாக நிற்குமா?' என்று கேளுங்கள். விற்பவர் விடை தரத் தயங்கினால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பிவிடுங்கள்.